மொழியைத் தேடிக் கடல் கடந்தவர்

(பவானிபூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையை எடுத்தோதுவதும், கேட்போர் கைதட்டி மகிழ்வதும், பின்னர் அனைவரும் ஒருங்கே உண்டு இல்லம் திரும்புவதும் நம் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இன்று அத்தொன்மையைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, நம் இல்லத்துப் பெண் ஒருத்தியின் அனுபவத்திலிருந்து இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறோம்.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி பயில்கிறாள். இருபது நாடுகளில் ஆட்சி மொழியாக விளங்கும் அம்மொழி நம் நகருக்கு முற்றிலும் புதியதன்று. 1924-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா சென்ற கவி தாகூர், சான் இசித்ரோ என்னும் ஊரில் விக்டோரியா ஒகாம்போ அம்மையாரின் விருந்தினராகத் தங்கிய வரலாற்றை வங்காள மக்கள் இன்றும் அன்போடு பேசுகின்றனர். 2006-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் ஸ்பெயின் சிறப்பு நாடாக வீற்றிருந்தது. இத்தகைய சூழலில் வளர்ந்த நம் பெண், அம்மொழியில் தேர்ச்சி மிகுவதற்காக ஸ்பெயின் நாட்டுச் சலமான்கா நகருக்குச் சென்று ஒரு பருவம் தங்கி மீண்டிருக்கிறாள். அந்நகரின் பல்கலைக்கழகம் 1218-ஆம் ஆண்டில் தோன்றியது. எண்ணூறு ஆண்டுகளைக் கடந்தது.

மூன்றாண்டுகள் இலக்கணம் கற்றவள் அவள்; வினைத் திரிபுகளை ஒன்றும் விடாது ஒப்பிக்க வல்லவள். அத்தகையவள் முதல் வாரத்தில் ரொட்டிக் கடையில் வாய் திறவாது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டி வாங்கி வந்தாளாம். நூலில் பயின்ற மொழி நிதானமாக நடந்தது. கடைத்தெருவில் கேட்ட மொழியோ குதிரையென ஓடிற்று. இந்திய மாணவரோடு கூடி ஆங்கிலம் பேசித் திரிந்த நாள்களில் தனக்கு ஒன்றும் வளரவில்லை என்றும், தான் தங்கிய வீட்டின் அம்மையாரோடு உணவு மேசையில் அமர்ந்த நேரமே தன்னைப் பேச வைத்தது என்றும் அவள் கூறினாள். அந்நாட்டில் பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பது மணிக்கு மேல். உண்டபின் எழாது நெடுநேரம் உரையாடுதல் அவர்கள் வழக்கம். அவ்வுரையாடலே அவளுக்கு வகுப்பறையாயிற்று.

அவள் கூறிய இரண்டு செய்திகள் நம் உள்ளத்தை உறுத்தின. அவற்றை இவ்வவையில் வைப்பதற்கு அவளிடம் இசைவு பெற்றே வந்துள்ளோம்.

முதற் செய்தி இது. ஸ்பானிய மொழியில் மெல்லிய ரகரமும் வல்லோசை கொண்ட ரகரமும் தனித்தனி. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்று பொருள். ‘பெர்ரோ’ என்று நாவை அதிரச் செய்து ஒலித்தால் ‘நாய்’ என்று பொருள். இவ்வேறுபாட்டை நாவுக்குக் கொண்டுவர நம் பெண் பல வாரங்கள் இடர்ப்பட்டாள். வீட்டுக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னபோது, தாமிரபரணிக் கரையில் வாழும் அவள் பாட்டியார், “இதற்கா இத்தனை பாடு? கரி வேறு, கறி வேறு. மரம் வேறு, மறம் வேறு அல்லவா, அம்மா?” என்று கேட்டாராம். நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் ஈழத்திலும் முதியோர் நாவில் ரகர றகர வேறுபாடு இன்றும் கேட்கிறது. ஸ்பெயின் வரை சென்று அவள் தேடிய ஒலி அவள் பாட்டியின் நாவிலேயே இருந்தது. இடையிலே இருந்த நாம் அதனைப் பேத்தியின் கையில் கொண்டு சேர்க்கவில்லை.

இரண்டாம் செய்தி இது. ஒருநாள் அவ்வீட்டு அம்மையார், “உன் தாய்மொழி எது? உன் பெயரை அம்மொழியில் எழுதிக் காட்டு” என்று ஒரு தாளை நீட்டினார். நம் பெண் வங்காள எழுத்தில் எழுதினாள். அம்மையார் அதன் அழகை வியந்து, அத்தாளைச் சுவரில் ஒட்டி வைத்தார். அதன் கீழே ‘தமிழ்’ என்று ஸ்பானிய மொழியில் குறித்தும் வைத்தார். மூன்று மாதம் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் தன் முகம் கீழ்நோக்கிற்று என்றாள் அவள்.

அன்பர்களே! இதனைக் கேட்டு எவரும் அப்பெண்ணை இகழ வேண்டா. வங்காளம், இந்தி, ஆங்கிலம், ஸ்பானியம் என நான்கு மொழிகளை எழுத வல்லவள் ஐந்தாவதாகத் தன் மொழியை எழுதக் கற்றுக்கொள்ள மாட்டாளா? கற்பிப்பார் இல்லை, கற்க வேண்டிய தேவையும் அவளுக்கு எழவில்லை. பழி நம்முடையது.

மொழி, அது வழங்கும் இடத்தில் வாழ்வார்க்கே வசப்படும் என்னும் உண்மையை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் அன்னையர் இப்பவானிபூரில் வங்காளம் கற்ற வகையை நினைவு கூருங்கள். எந்தப் பள்ளியில் பயின்றார்கள்? ஜதுபாபு சந்தையே அவர்களுக்குப் பள்ளி. காய்கறி விற்போரே ஆசிரியர். வாழைப்பூ ‘மோசா’ என்பதும், வாழைத்தண்டு ‘தோட்’ என்பதும் பேரத்திலே கற்ற பாடங்கள். வங்காளியர் நீரையும் ‘உண்பர்’ என்று கேட்டுச் சிரித்தவர்கள், காப்பியை நாமும் ‘சாப்பிடு’கிறோம் என்பதை உணர்ந்து அடங்கினார்கள். விடைபெறும் அண்டை வீட்டார் ‘போகிறேன்’ என்னாது ‘வருகிறேன்’ என்னும் பொருள்பட ‘ஆஷ்சி’ என்றபோது, ‘போய் வருகிறேன்’ என்னும் நம் மரபே வேறு உடையில் வந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள். முதியவரை ‘ஆப்னி’ என்பதற்கு மாறாகத் ‘துமி’ என்று விளித்து நாணிய நாள்களும் உண்டு. நாணமும் நகைப்பும் கலந்த அந்தப் பயிற்சியே அவர்களை இம்மண்ணுக்கு உரியவர்களாக்கிற்று.

நம் பிள்ளைகளோ எவ்வித முயற்சியுமின்றி வங்காளம் கற்றனர். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், நாட்டின் முதல் சுரங்க இரயில் எஸ்பிளனேடிலிருந்து நம் பவானிபூருக்கு ஓடிற்று. அன்று பவானிபூர் என வழங்கிய நிலையம் இன்று நேதாஜி பவன் என்று பெயர் பெற்றுள்ளது. அந்நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தே வங்காள எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தைகள் நம்மிடையே பலர். தமிழ் எழுத்துக்கு இந்நகரில் பெயர்ப் பலகை இல்லை. ஆகவே, எந்த நியாயத்தால் நம் பிள்ளைகள் வங்காளத்தில் தேறினார்களோ, அதே நியாயத்தால் தமிழில் தேய்ந்தார்கள்.

இந்நிலையில் இருந்த ஒருவர், தம் தாய்மொழியை அயல்மொழி போல எண்ணி, அது வழங்கும் நாட்டுக்குக் கடல் கடந்து சென்று, அங்கே மாணவராய் அமர்ந்து கற்ற வரலாறு ஒன்று உண்டு. அவரே தனிநாயகம் அடிகள். அவர் பெயரை அறியாத தமிழ்ச் சங்கம் இல்லை. அவர் மாணவராக இருந்த கதையை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றில், கரம்பொன் என்னும் ஊரில், 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தவர் சேவியர் தனிநாயகம். பிறந்தது தமிழ் மண்ணிலேயாயினும் அவர் பெற்ற கல்வி ஆங்கிலக் கல்வி. குருத்துவப் பயிற்சியில் இலத்தீன் சேர்ந்தது. 1934 முதல் 1939 வரை உரோமையில் இறையியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். இத்தாலிய மொழியை அந்நாட்டில் வாழ்ந்தே கற்றார். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம் என அவர் அறிந்த மொழிகள் காலப்போக்கில் பெருகின. ஐரோப்பியப் புலமையில் இவ்வளவு உயர்ந்தவர்க்குத் தமிழ் இலக்கியப் பயிற்சி மட்டும் குறைவாகவே இருந்தது.

1940-இல் அவர் நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துக்கு வந்து, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். அப்பள்ளியில் கற்பிக்க வந்தவர், அவ்வூரிலேயே கற்கவும் தொடங்கினார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் நூல்களைப் பாடம் கேட்டார். உரோமையில் பட்டம் பெற்ற ஒரு கிறித்தவத் துறவி, ஒரு சிற்றூரில், ஓர் ஐயரின் முன்னே ஏடு விரித்து அமர்ந்த அக்காட்சியை எண்ணிப் பாருங்கள். கற்றல் என்பது தாழ்ந்து நிற்றல். தாழ்ந்து நிற்பதற்கு அவர் அஞ்சவில்லை.

அதனோடும் அவர் அமையவில்லை. 1945-இல், முப்பது வயதைக் கடந்த பின்னர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தம்மினும் பத்து வயது இளையோரோடு அமர்ந்து தமிழில் முதுகலை பயின்றார், பின்னர் எம்.லிட். பட்டத்துக்காகச் சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே 1966-இல் ‘நிலமும் கவிதையும்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு மறுபதிப்பாக வெளிவந்தது.

அவர் அப்பொருளைத் தேர்ந்தது தற்செயல் அன்று என்று நாம் எண்ணுகிறோம். வடக்கன்குளத்தில் நின்றால் ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை. மறுபுறம் பனங்காடும் தொலைவிலே கடலும். சிதம்பரத்திலோ காவிரி நாட்டு வயல்களும் பிச்சாவரத்துக் கழிகளும். குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று ஏட்டிலே படித்தவற்றை அவர் நடந்து பார்த்தார். கொல்கத்தாவில் இருந்துகொண்டு ‘நெய்தல்’ என்பதற்குக் ‘கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும், கழிக்கரையில் நின்று அச்சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கும் எவ்வளவு வேற்றுமை!

அப்பயிற்சியின் பயன் யாது? 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மலேயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடவும் அவரே முதற்காரணராய் நின்றார். 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கற்ற பிற மொழிகளும் வீண்போகவில்லை. ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடுகளைத் தேடியபோது அவையே அவர்க்கு விளக்காயின. 1679-இல் அச்சேறிய புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை, வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966-இல் மீண்டும் உலகுக்கு அளித்தார். லிஸ்பனில் 1554-இல் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் சிறு நூலைத் தமிழுலகம் அறியச் செய்தார்.

அந்தச் சிறு நூலைப் பற்றி மாணவர்க்கு ஒரு சொல். அதில் உள்ளது தமிழ். ஆனால் எழுத்து உரோமன் எழுத்து. நீங்கள் கைப்பேசியில் பாட்டிக்கு எழுதும் தமிழும் அவ்வாறே இருக்கிறது. நாம் அதனைக் கண்டிக்கவில்லை. நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கு முன்னோடி உண்டு. ஆனால் அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து மீனவர் வாய்மொழியிலே தமிழ் பயின்ற போர்த்துகீசியர் என்றீக்கே என்றீக்கசு, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அயல்நாட்டார் ஒருவர் தமிழ் எழுத்தை அடைந்துவிட்டார். நம் பிள்ளைகள் அதனை விட்டு உரோமன் எழுத்துக்குத் திரும்பலாமா?

என்றீக்கசுக்கு முன்னர் 1542-இல் அக்கரைக்கு வந்தவர், ஸ்பெயினின் நவார் நாட்டில் பிறந்த சவேரியார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துத் தெருத்தெருவாகச் சொல்லிச் சென்றார். அவர் ஒலிப்பில் பிழை இருந்திருக்கும், சிறுவர் சிரித்திருப்பர். சிரிப்புக்கு அஞ்சாதவர்க்கே மொழி வரும். அந்தச் சவேரியாரின் பெயரைத் தாங்கிய தனிநாயகமும், சலமான்காவின் ரொட்டிக் கடையில் நின்ற நம் பெண்ணும் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். தமிழைப் பேணுதல் வங்காளத்துக்குப் புறம்பாகுமோ என்று சிலர் கருதுவர். அவ்வச்சம் வேண்டா. இப்பவானிபூரில் வாழ்ந்த ஆசுதோஷ் முகர்ஜி அவர்களே, 1919-இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளுக்கு முதுகலை வகுப்பு ஏற்படக் காரணமானவர். ஒரு மொழியை முதன்மையாகப் பயில்வோர் பிறிதோர் இந்திய மொழியையும் துணையாகப் பயில வேண்டும் என்பது அவ்வகுப்பின் ஏற்பாடு. நம் காலத்திலும், இந்நகரில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், அதீன் பந்த்யோபாத்யாயரின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தார். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை வங்காளத்துக்குத் தந்தார். இரு மொழியிலும் வேரூன்றியவராலேயே இப்பணி இயலும். தமிழை இழந்த தமிழர், வங்காளியர்க்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத வறியராகவே நிற்பர்.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பிற மொழிகளுக்காக நம் பிள்ளைகளை ஐரோப்பா வரை அனுப்பத் துணிந்த நாம், தமிழுக்காகத் தமிழகத்துக்கு அனுப்பத் துணிய வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 1987-இல் ‘எராஸ்மஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கித் தம் மாணவரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பி வருகின்றன. அவ்வளவு பொருள் நம்மிடம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மாணவரைக் கோடை விடுமுறையில் அனுப்புவதற்கு வேண்டிய பொருள் உண்டு. இவ்விழாவில் பந்தலுக்கும் மாலைக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியே போதும்.

ஆனால் மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, பெருநகருக்கு அனுப்பலாகாது; ஆங்கிலமும் இந்தியும் அங்கே ஊன்றுகோலாக வந்து நிற்கும். சிற்றூருக்கே அனுப்ப வேண்டும். இரண்டாவது, இருவரை ஒரே வீட்டில் தங்க வைத்தல் ஆகாது. அவர்கள் தமக்குள் வங்காளம் பேசி விடுமுறையைக் கழித்துவிடுவர். மூன்றாவது, நாள்தோறும் ஒரு பக்கம் தமிழில் நாட்குறிப்பு எழுத வேண்டும். திரும்பி வந்து அதனை இச்சங்கத்தில் பிழைகளோடே படிக்க வேண்டும். அப்பிழைகளைக் கேட்டு நகைப்பவர் எவரும் இவ்வவையில் இருக்கலாகாது.

இத்திட்டத்தின் முதல் மாணவியைத் தேட வேண்டியதில்லை. நம் பெண் இக்கோடையில் பாட்டியாரின் ஊருக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறாள். பாட்டியார்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர் ஆண்டுதோறும் எழுதியனுப்பிய கடிதங்கள் பவானிபூரில் ஒரு தகரப் பெட்டியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. தந்தையார் உரக்கப் படித்துக் காட்டியவற்றை மட்டுமே பேத்தி அறிவாள். அவற்றை அவளே படிக்கக் கற்று, எழுதியவர் உயிரோடிருக்கும்போதே மறுமொழி எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. தனிநாயகம் அடிகட்குக் காலம் இருந்தது. இவளுக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால்தான் நாம் இவ்வளவு விரைந்து கேட்கிறோம்.

அவள் திரும்பி வந்ததும் முதற்காரியமாக ஒரு தாளில் தன் பெயரைத் தமிழில் எழுதிச் சலமான்காவுக்கு அனுப்புவதாகக் கூறியிருக்கிறாள். அந்தச் சுவரிலுள்ள வங்காளத் தாளை எடுத்தல் வேண்டா; அதன் அருகே இதனையும் ஒட்டுக என்று ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதுவாளாம். அத்தாளுக்கு வேண்டிய வழிச்செலவை இச்சங்கம் ஏற்குமாக.